பள்ளிக்கூட வாசலில் கட்டிய பேனர்

ஜூன் 9, திங்கள்

இன்று மூன்று பேனர். ஒரு பிறந்தநாள், ஒரு கண்ணீர் அஞ்சலி, ஒரு மஞ்சள் நீராட்டு விழா. மூன்றுக்கும் ஓரம் மடித்து ஒட்டி, மூலைக்கு மூலை வளையம் அடித்தது நான்தான். கண்ணீர் அஞ்சலித் தாத்தா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, செத்துட்டு சிரிக்கிறாரு?" என்று நவ்ரீன் கேட்டாள்.

"வேற போட்டோ இல்லியாம். பேரன் கல்யாணத்துல எடுத்ததாம்" என்றார் டில்லிபாபு அண்ணன். எம்.கே.பி. நகரில் அவருடைய பிரிண்டிங் கடை. நான் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. நவ்ரீன் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வாள். போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுக்க எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மாலையில் சாண்ட்ரா என்று ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ராயபுரத்தில், சர்ச்சை ஒட்டின ஹாலில், படிப்பை நடுவில் விட்ட பெண்கள் ஞாயிறுதோறும் கூடப் போகிறார்களாம். பாட்டு, நடிப்பு, படம், எதில் வேண்டுமானாலும் அவரவர் வாழ்க்கையைச் செய்து காட்ட வேண்டுமாம். அதற்கு பேனர் அடிக்க வந்தவளிடம் நவ்ரீன் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். எழில்மொழி, வயது 17.

"என்னக் கேக்காம எதுக்கு எழுதின?"

"பத்து மாசமா பக்கத்துல ஒக்காந்துகினு கீறேன். இன்னிக்கிதான் உன் கொரலே முழுசா கேக்குறேன். அங்க போயாவது வாயத் தொற."

ஜூன் 15, ஞாயிறு

பதினோரு பேர். வட்டமாக உட்கார வைத்தார்கள். சாண்ட்ரா ஒரு படிவம் கொடுத்தாள். பெயர், இடம், கடைசியாகப் படித்த வகுப்பு. நான்காவது கேள்வி: பள்ளியை நிறுத்தியது ஏன்?

மற்றவர்கள் சட்டென்று எழுதினார்கள். காசிமேட்டிலிருந்து வந்த ஹெப்சிபா "கல்யாணம்" என்று ஒரே வார்த்தை எழுதிப் பேனாவை மூடிவிட்டாள். நான் மூன்று முறை எழுதி அடித்தேன். கடைசியில் காலியாகக் கொடுத்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. நிறைய இருக்கிறது. அதுதான் தொல்லை.

ஜூன் 17, செவ்வாய்

யாரிடம் என்ன சொல்லியிருக்கிறேன் என்று யோசித்தேன். வீடு தேடி வந்த டீச்சரிடம், அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றேன். நவ்ரீனிடம், கணக்கு வரவில்லை. கீழ்வீட்டு அக்காவிடம், கொரோனாவில் விட்டுப்போச்சு. (கொரோனா முடிந்த பிறகும் நான் பள்ளிக்குப் போனேன். அந்த அக்கா அதை யோசிக்கவில்லை.) நைனாவிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

இதில் எது பொய்? ஆபரேஷன் நடந்தது. கணக்கில் பதினெட்டு மார்க். எல்லாம் நடந்ததுதான். ஆனால் எதுவும் அது இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாண்ட்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சொல்லணும்னா சொல்லு, இல்லன்னா விட்ரு" என்றாள். இரக்கமாகக் கேட்டால் எனக்குப் பழைய பதில்தான் வாயில் வருகிறது. அம்மா ஆபரேஷன் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. அதையே வரையச் சொன்னாள். வரைந்தேன். கட்டில், குளுக்கோஸ் பாட்டில், கால்மாட்டில் நான். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

வீட்டில் அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். அவள் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கும் வேலை பார்க்கிறாள். கட்டிலை உற்றுப் பார்த்தாள்.

"யாரு இது?"

"நீதாம்மா."

"எங்கூட ஆஸ்பத்திரில இருந்தது உங்க பெரியம்மா. நீ வூட்ல டிவி பாத்துகினு இருந்த. நா ஒரு மாசத்துல வேலைக்குப் போய்ட்டேன். எனக்கோசரமா நீ ஸ்கூல வுட்ட?"

நான் படத்தை வாங்கக் கை நீட்டினேன்.

"வேற இன்னாமோ கீது. அத்தச் சொல்லு, சொல்லாம போ. ஊரு முன்னாடி என்ன நோயாளி ஆக்காத." படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

ஜூலை 3, வியாழன்

கடையின் பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு பூ பார்டர் தேடினேன். "அம்மு ஃபைனல் 2" என்று ஒரு ஃபைல். அம்மு என்பது என்னை வீட்டில் கூப்பிடும் பெயர். திறக்காமல் இருந்திருக்கலாம்.

என் மஞ்சள் நீராட்டு விழா பேனர். பத்துக்கு எட்டு. மேல் மூலையில் அண்ணல் படம். கீழே வட்ட வட்டமாக நைனாவின் துறைமுகத் தோஸ்துகள் பன்னிரண்டு பேர். நடுவில் நான். பஸ் பாஸுக்கு எடுத்த போட்டோவிலிருந்து என் தலை. அதற்குக் கீழே பட்டுச்சேலை, ஒட்டியாணம், கையில் வங்கி எல்லாம் போட்ட ஓர் உடம்பு. கழுத்து ஒரு விரல் அளவு விலகி நின்றது. அன்று அது என் கண்ணில் படவே இல்லை. இன்று, தலை வெட்டத் தெரிந்த பிறகு, அது மட்டும்தான் தெரிகிறது.

எழுதிவிடுகிறேன். ஒன்பதாவது படித்தேன். நைனா கப்பலில் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் வேலை செய்கிறவர். அவர் பெயர் சொல்லி, கிருஷ்ணப்பன் போட்ட முடிச்சு அவிழாது என்று துறைமுக யார்டில் பேச்சு. அந்தக் கையால்தான் பேனரை என் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரில் கட்டினார். விழா முடிந்து திங்கட்கிழமை போனேன். மேலே அந்த உடம்போடு நான், கீழே யூனிஃபார்மில் நான். பையன்கள் "பேனரு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "பேனரு, இன்னிக்கு எத்தினி அடி?" அந்த உடம்பைக் காட்டி வேறு ஏதேதோ சொன்னார்கள். அதை எழுத மாட்டேன். அது என் உடம்பே இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லார் பேனரும் ஒரு வாரத்தில் கீழே வந்துவிடும். என்னுடையது ஒன்றரை மாதம் நின்றது. வேறு ஏதோ விளம்பரம் கட்ட வந்தவர்கள்கூட அவிழ்க்கப் பார்த்து முடியாமல் போய்விட்டார்கள். கடைசியில் கார்ப்பரேஷன்காரர்கள் கயிற்றைக் கத்தியால் அறுத்து, பேனரை நைனாவிடம் கொடுத்தார்கள். அதற்குள் நான் போவதை நிறுத்தி இருபது நாள் ஆகியிருந்தது.

ஜூலை 4, வெள்ளி

அதே ஹார்ட் டிஸ்கில் அதே உடம்பு. இன்னும் ஒன்பது பெண்களின் தலை.

ஜூலை 6, ஞாயிறு

சாண்ட்ராவிடம் ஆஸ்பத்திரிப் படம் வேண்டாம் என்றேன். "பேனர் வைக்கிறேன்." "எந்த பேனர்?" "என்னோடது." அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் பயம். அந்த பேனரைப் பற்றி நைனா பேசாத பண்டிகை கிடையாது. அதை வைத்துக் கதை சொன்னால், கதையில் கெட்டது செய்தவர் யார்? அவர்தானே. ஆனால் அவர் கெட்டது எதுவும் செய்யவில்லையே.

ஜூலை 8, செவ்வாய்

நைனா வேலை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "நைனா, என் பேனரு எங்க கீது?" என்றேன். மூன்று வருடத்தில் நானாக அதைக் கேட்டது முதல்முறை. முகமே மலர்ந்துவிட்டது அவருக்கு.

"ஏம்மா, பாக்கணுமா? புளியந்தோப்புல ரஹீமுன்னிசா வூட்ல கீது. மழ ஒழுவுதுன்னு உங்கம்மா குடுத்தா. அப்பல்லாம் நம்ம ஏரியாவுல அத்தினி பெருசு எவனும் போட்ல, தெரியுமா? கல்யாண மண்டபத்தாண்ட கட்டலாம்னு பசங்க சொன்னானுங்க. நாந்தான் ஸ்கூல் கேட்டாண்ட கட்டுன்னேன். டீச்சருங்க பாக்கட்டும், நம்ம பொண்ணு படிக்கிற எடம்டான்னு."

தங்கை மகிழினி குறுக்கே வந்தாள். அவள் ஏழாவது, அதே பள்ளி. "எனக்கு அத்தவிடப் பெருசா போடணும்."

"போட்டுட்டாப் போச்சு."

நான் டீ டம்ளரை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ரஹீமுன்னிசா அக்காவும் அம்மாவும் ஒரு காலத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இப்போது அவர் சாயங்காலத்தில் சூப் விற்கிறார். ஒரே அறை. கூரை ஷீட்டுக்குக் கீழே என் பேனரை இழுத்து நான்கு பக்கமும் ஆணி அடித்திருக்கிறது. படம் உள்பக்கமாக. நுழைந்து தலையைத் தூக்கினால் நான்.

"வா அம்மு. மூணு வருசமா படுத்தா உன் மூஞ்சிதான். எங்க வூட்டுக்காரரு சொல்வாரு, இந்தப் பொண்ணு ஒருநாளாச்சும் கண்ண மூடுதா பாரு, நம்மளயே பாத்துகினு கீதுன்னு."

சிரித்துவிட்டேன். பிறகு நன்றாகப் பார்த்தேன். தண்ணீர் இறங்கி சேலை, நகை எல்லாம் பழுப்பாகி உரிந்துவிட்டது.

"ஒடம்பெல்லாம் கலீஜாயிட்ச்சு. மூஞ்சி மட்டும் அப்டியே கீது" என்றார் அக்கா.

எனக்கு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. "எடுத்துக்க. ஆனா வேற ஒண்ண மாட்டிட்டு எடு. மழ வந்தா நா எங்க போவேன்?"

ஜூலை 19, சனி

டில்லிபாபு அண்ணன் தேதி தப்பாக அடித்த பேனர் ஒன்றைக் கொடுத்தார். யாரோ ஒருவரின் பணி ஓய்வுப் பாராட்டு விழா. பெரிய மீசை. நவ்ரீனும் நானும் போய் மாட்டினோம்.

அக்கா கீழே படுத்துப் பார்த்தார். "அய்ய, யாருடி இவரு? இவரு முன்னாடி நா எப்டி தூங்குறது?"

"திருப்பி மாட்டட்டுமாக்கா? வெள்ளையா இருக்கும்" என்றாள் நவ்ரீன்.

"வாணாம் வாணாம். வெள்ளைய இன்னான்னு பாக்குறது? இவரே இருக்கட்டும்."

என்னைச் சுருட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கோரைப் பாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று ஹாலில் வைத்து வெட்டினேன். கழுத்துக்குக் கீழே, கையோடு சேர்த்து, அந்த உடம்பை மட்டும். கடையில் தலையை வெட்டி எடுப்பேன். முதல்முறையாக உடம்பை வெட்டி எடுத்தேன்.

அந்த இடத்தில் என் ஒன்பதாவது யூனிஃபார்மைத் தைக்க வேண்டும். அதை நான் தூக்கிப் போடவில்லை, துணிப்பெட்டியின் அடியில்தான் இருந்தது. தலை பெரியது, யூனிஃபார்ம் சின்னது, பொம்மைக்குப் போட்டது போல இருந்தது. சரி, அப்படித்தானே இருந்தது. ஃபிளெக்ஸில் இரண்டு ஊசி உடைந்தது. ஹெப்சிபா அவள் அப்பா வலை பின்னும் ஊசியையும் நைலான் நரம்பையும் எடுத்து வந்திருந்தாள். பாதியை அவளே தைத்தாள். "உனக்கு இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்தத் தையலு பிரியாது" என்றாள்.

வெட்டிய உடம்பைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அவளும் யாரோ ஒருத்திதானே. மடித்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தலை சுற்றுகிறது. அந்த ஒன்பது பேரில் ஒருத்தி நவ்ரீன் தெருவாம். இப்போது காலேஜில் இரண்டாம் வருடம். அதே உடம்பு, அதே மாதிரி பேனர். அவள் படிப்பை நிறுத்தவில்லையே. அவளையும் கிண்டல் செய்திருப்பார்கள்தானே? அப்படியென்றால் பேனர் காரணம் இல்லையா? எனக்குத்தான் தைரியம் இல்லையா? கணக்கில் பதினெட்டு வாங்காமல் எண்பது வாங்கியிருந்தால் அந்த வாசலைத் தாண்டிப் போயிருப்பேனா?

தெரியாததை எப்படிக் கதை என்று மாட்டி வைப்பது? சாண்ட்ராவிடம் கேட்டேன். "எனக்கும் தெரியல எழில்" என்றாள். கோபம் வந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மகிழினி நைனாவிடம் சொல்லிவிட்டாள். "அக்காவோட பேனர ராயபுரத்துல வெக்கிறாங்க, ஊரே பாக்க வருது." நைனா ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குப் போட்டிருக்கிறார்.

வராதே என்று எப்படிச் சொல்ல. வா என்று எப்படிச் சொல்ல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று எல்லோருக்கும் காட்டும் நாள். ஹெப்சிபா நடித்தாள், ஒரு வார்த்தை பேசாமல், மீனை வெட்டுவது போலக் கையை மட்டும் ஆட்டி. எல்லோரும் அழுதோம். என்னுடையது சுவரில். பக்கத்தில் ஏதாவது எழுதி வைக்கச் சொன்னார்கள். "எழில்மொழி, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு" என்று மட்டும் எழுதினேன்.

நைனா வாசலிலேயே யாரிடமோ சொல்வது கேட்டது. "தோ, அது என் பொண்ணுங்க. அந்த பேனர நாந்தான் போட்டேன்." பிறகுதான் கிட்டே வந்தார். கீழே வட்டத்துக்குள் அவருடைய தோஸ்துகள், அவர் பெயர் எல்லாம் அப்படியே இருக்கிறது. நடுவில் யூனிஃபார்ம். ரொம்ப நேரம் நின்றார். தையலை விரலால் தொட்டார். மூலையில் அறுந்து தொங்கிய பழைய கயிற்றை, அவர் முடிச்சு இன்னும் அதில் இருக்கிறது, அதையும் தொட்டார்.

"இத்த எதுக்கும்மா ஒட்டின?"

"நா அதான் நைனா போட்டுகினு இருந்தேன். பேனருக்குக் கீழ நடந்து போம்போது."

டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர் உள்ளே திரும்பி வரவே இல்லை. கடைசியில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். வீடு வரை பஸ்ஸில் தனியாக முன்னால் நின்றுகொண்டு வந்தார்.

செய்திருக்கக் கூடாது. இல்லை, செய்தேன். செய்திருக்கக் கூடாதோ?

ஆகஸ்ட் 18, திங்கள்

நைனா சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

கடைக்கு வந்தார். மதியம், யார்டு உடையோடு. வெளியே கூப்பிட்டார்.

"ஸ்கூல்ல இன்னா சொன்னானுங்க?"

சொன்னேன். எழுத மாட்டேன் என்று எழுதினேனே, அதில் பாதியையும் சொல்லிவிட்டேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நா அவுத்திருக்கணும். தெனம் அந்தப் பக்கமாத்தான் போவேன். எம் முடிச்சு இன்னும் நிக்குதுன்னு பெருமையா பாத்துகினு போவேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னாண்ட ஒரு வார்த்த கேக்கல நா" என்றார்.

எனக்கு லேசாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை. அவர் முழுப் பழியையும் எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க முடியவில்லை.

"அது மட்டும் இல்ல நைனா. எனக்குக் கணக்கும் வரல."

"அது எனக்கும் வராது" என்றார். இரண்டு பேரும் சிரித்தது போலத்தான் இருந்தது. டில்லிபாபு அண்ணன் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

மகிழினி பெரியவளாகிவிட்டாள். அம்மா போன் செய்தாள். கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

நைனா வாசலில் நின்றுகொண்டே கேட்டார். "மகிழு, பேனரு போடவா, வாணாமா? நீ சொல்லு."

"போடணும். அக்காவுக்கு மட்டும் போட்டீங்க, எனக்கு இல்லியான்னு நா ஏற்கெனவே கேட்டுகினுதான கீறேன்."

"எங்க கட்டட்டும்?"

"ஸ்கூல் கேட்டாண்ட."

நைனா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் பேனரை அவளும் ஹாலில் பார்த்தாள்தானே? எதற்காக என்று சொல்லியும் இருக்கிறேன். மறுபடி தனியாகக் கேட்டேன். "பசங்க ஏதாச்சும் சொல்வானுங்கடி."

"சொன்னா நானும் சொல்வேன்." அவ்வளவுதான் பதில். எனக்கு எதுவும் புரியவில்லை. ஒரே வீடு, ஒரே சோறு. இவள் எப்படி இப்படி?

செப்டம்பர் 17, புதன்

டிசைன் நான்தான் செய்கிறேன். வேறு உடம்பு கிடையாது. மாடியில் நிற்க வைத்து நானே போட்டோ எடுத்தேன். ஃபுட்பால் ஜெர்சிதான் போடுவேன் என்றாள் அவள், பட்டுதான் என்றாள் அம்மா. கடைசியில் பட்டுப் பாவாடை, தாவணி, காலில் ஃபுட்பால் ஷூ, கக்கத்தில் பந்து. "கண்றாவி" என்றாள் அம்மா. பிறகு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 20, சனி

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வாசலுக்குப் போனேன். சவுக்குக் கட்டை நட்டு, நைனா ஏணியில் ஏறினார். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். புது வாட்ச்மேன் வந்து, "யாரும்மா நீங்க, இங்க கட்டக் கூடாது" என்றார்.

"ஒரு வாரத்துல எடுத்துருவோம். எந் தங்கச்சி இங்கதான் படிக்கிறா." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "டிசைன் நாந்தான்."

அவர் மேலே பார்த்தார். "இன்னா இது, ஷூவு?" சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நைனா கயிற்றை எடுத்ததும் ஏணி அருகில் போனேன். "நைனா, இழுத்தா அவுர்ற மாதிரி போடு."

"அப்டிப் போட்டதே இல்லியேம்மா" என்றார். முதலில் போட்டதை அவரே அவிழ்த்தார். மறுபடி போட்டார். நான்கு மூலைக் கயிற்றையும் ஒன்றாகச் சேர்த்து, முனையைக் கட்டையோடு கீழே தொங்கவிட்டு, மகிழினியைக் கூப்பிட்டு எட்டிப் பிடிக்கச் சொன்னார். எட்டியது.

"உனக்கு எப்ப வாணாமோ, இத்த இழு. யாராண்டயும் கேக்க வாணாம்."

"நாளைக்கே இழுத்தா?"

"நாளைக்கே இழு."

செப்டம்பர் 25, வியாழன்

மகிழினி பள்ளி விட்டு வந்தாள், பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு. என்ன சொன்னார்கள், யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"ஒன்னியும் இல்ல. எல்லாரும் பாத்துட்டாங்க, போதும். ஒரே இழுப்பு, டமால்னு வந்துட்ச்சு." சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு சோறு போடச் சொன்னாள். "ரஹீமுன்னிசா அக்காவாண்ட குடுத்துரு. அந்த மீசக்காரரு பாவம், அவர வூட்டுக்கு அனுப்பட்டும்."